இரண்டாம் முறை கேட்காதவர்கள்

ஒரு படத்தில் பேசப்படும் சொற்களை எழுதியவரும் அந்தப் படத்தின் ஆசிரியர்களில் ஒருவர் என்றே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, கொள்ளப்பட வேண்டும். தன் படைப்பில் தன் பெயர் இருக்கவேண்டும் என்ற உரிமையை அவர் விற்கவும் முடியாது, தானமாகக் கொடுக்கவும் முடியாது, போனால் போகட்டும் என்று விடவும் முடியாது.

பிரான்ஸ் நாட்டுச் சட்டத்தின் சாரம் இது. என் உத்தியோக காலம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களை வைத்தே சாப்பிட்டேன். ஆகவே அவற்றைப் பற்றித் தரக்குறைவாகப் பேசமாட்டேன். நல்ல விதிகள். யாராவது பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தால் வேலையும் செய்யும்.

பாரிஸில் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒப்பந்தங்களை வாசித்து விளக்கி, வேண்டியபோது அவர்களுக்காகச் சண்டையும் பிடிக்கிற ஒரு கந்தோரில் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டில் இருக்கிறேன். அதே மாதிரிக் கந்தோர்களில் நம் பிள்ளைகளான நீங்கள் சிலர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றீர்கள். எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போகும் என்று எழுதப்போவதில்லை. அது மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் என்னைவிட விரைவாகக் கற்றுக்கொள்வீர்கள். படிவத்தில் கேட்கப்படாத விஷயங்களைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கந்தோர் லிப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. எழுத்தாளர்கள் படியேறி மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். மாரியில் அவர்களுடைய நனைந்த கோட்டுகளைச் சூட்டுக் குழாயின் மேல் காயப்போடுவோம். அந்த ஈரக் கம்பளி வாசமும் கோப்பி வாசமும் சேர்ந்தது எனக்கு இன்னும் நடுமத்தியானத்தில், காற்று இல்லாத நேரத்தில், இந்தக் கடற்கரையில் வந்துபோகும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

அங்கே வந்தவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை அழவைக்கத் தெரிந்தவர்கள். தங்கள் படம் எங்கே விற்கப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவர்கள். ஓர் இயக்குநர், தன் படம் போர்த்துக்கல் தொலைக்காட்சியில் ஓடுவதை, அங்கே விடுமுறைக்குப் போன மச்சான் சொல்லித்தான் அறிந்தார். கோபப்படவில்லை. "தெளிவாகத் தெரிந்ததாமா?" என்று மச்சானிடம் கேட்டாராம். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆசிரியர்களுக்கு விவரம் சொல்லவேண்டும் என்று இப்போது ஐரோப்பாவில் விதி இருக்கிறது. அப்போது கேட்பதையே அவர்கள் மரியாதைக்குறைவு என்று நினைத்தார்கள். அந்த மனிதர்களை நான் நேசித்தேன். அவர்களால் எனக்கு இரத்த அழுத்தமும் வந்தது.

எங்கள் கந்தோரின் தலைவி செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். ஒரு நாள் ஒரு தயாரிப்பாளர், எழுதிய பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை படப்பிடிப்பு, இப்போதே கையெழுத்து வேண்டும் என்றார். எல்லா நாடும், எல்லாக் காலமும், எல்லா வழியும் சேர்த்து உரிமை முழுவதும் ஒரே கொடுப்பனவுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். தலைவி அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள், இவர் மெதுவாக வாசிக்கிறவர்" என்றார். அந்தப் பெண் கண்மூடித் திறக்குமுன் ஒரு பக்கம் வாசிப்பார் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கெட்டிக்காரி, மெதுவாக வாசித்தார். அவர் கடைசிப் பக்கத்துக்கு வருமுன் தயாரிப்பாளரே பேனையை எடுத்து இரண்டு பந்திகளை வெட்டினார்.

பிறகு தலைவி என்னிடம் கேட்டார்: "அந்த அவசரம் யாருடையது?"

"படப்பிடிப்பினுடையது."

"படப்பிடிப்புக்கு அவசரம் என்று ஒன்று இல்லை. மனிதருக்குத்தான் இருக்கும். யாருக்கு என்று பார்."

வேறு ஒன்றையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள். நெருக்கடி என்று ஒன்று வந்து மேசையில் விழுந்தால், முதலில் அதன் சொந்தக்காரரைத் தேடுங்கள். எனக்கு அது ஓய்வு பெற்ற பிறகும் ஒருமுறை உதவியது, இதே தீவில். பேசாலையில்.

கிளேர் என்றொரு இயக்குநர், பிரான்சின் வடமேற்கு மீன்பிடிக் கரையைச் சேர்ந்தவள், எங்கள் கந்தோருக்கு இளவயதில் வந்துபோனவள். மன்னாரில் ஒரு படம் எடுக்கவேண்டும் என்று எனக்கு எழுதினாள். கடலுக்குப் போய்த் திரும்பாத புருசனின் வள்ளத்துக்கு ஒவ்வொரு விடியலும் ஐஸ் வாங்கி வைக்கும் ஒரு பெண்ணின் கதை. பிரெஞ்சில் எழுதியிருந்தாள். தமிழில் மாற்ற ஓர் ஆள் தேவை என்றாள். நான் பிலோமினாவைக் காட்டிவிட்டேன்.

பிலோமினா பேசாலையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் எழுதுவினைஞர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கோயில் பங்கில் போடும் நாடகங்கள் பலவற்றை அவர்தான் எழுதினார். பெயர் போட்டுக்கொள்வதில்லை, கோயிலுக்குச் செய்ததற்குப் பெயர் எதற்கு என்பார். கணவர் சூசை வள்ளத்து எஞ்சின்கள் திருத்துகிறவர். வாயும் எஞ்சின் மாதிரித்தான், ஒருமுறை இழுத்துவிட்டால் போதும்.

கிளேர் வந்த முதல் நாள் பிலோமினா வீட்டில் சாப்பாடு. கிளேருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ்ச்சொல் 'காணும்.' சோற்றுக் கோப்பையின் மேல் கையை விரித்து "காணும், காணும்" என்றாள். பிலோமினா அந்த விரல்களுக்கு இடையாலேயே இன்னொரு கரண்டி நண்டுக் குழம்பை விட்டார்.

"அவ போதுமெண்டு சொல்லுறாவெல்லோ?" என்றார் சூசை.

"அது வாய் சொல்லுறது. நீங்கள் சும்மா இருங்கோ."

பங்கு மண்டபத்தில் ஒத்திகை தொடங்கியது. பிரெஞ்சில் இருந்ததைக் கிளேர் ஆங்கிலத்தில் மாற்றித் தர, பிலோமினா பிழையில்லாமல் தமிழாக்கியிருந்தார். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் கடலைப் பார்த்து, "நான் உன்னை மன்னிக்கிறேன்" என்கிறாள். நடிகை அதைச் சொன்னதும் பின்னால் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். கிளேரின் முகம் வாடிவிட்டது.

பிலோமினா எழும்பினார். "பிள்ளை, கோவிக்காதேங்கோ. எங்கட ஊரில புருசனை ஆரும் இப்பிடி மன்னிக்கிறேல்ல."

"அப்படியானால் எப்படி மன்னிப்பார்கள்?" என்றாள் கிளேர்; நான் இடையில் நின்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மன்னிக்கிறேல்ல. பேசுறது. நல்லாப் பேசிப்போட்டுச் சாப்பாட்டை முன்னால வைக்கிறது." பிறகு அந்த நடிகையின் இடத்தில் போய் நின்று, இல்லாத புருசனை அவர் ஏசத் தொடங்கினார். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றாமல் போனதற்கு, சட்டையை உப்புத்தண்ணியில் ஊறப்போட்டதற்கு, சொல்லாமல் போனதற்கு. "ஐஸ் உருகுது, எனக்கு வேற வேலை இல்லையெண்டு நினைச்சியோ" என்று முடித்தபோது மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. சூசை தன் சாறத்தைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து கண்ணைத் துடைத்தார்.

கிளேர் தான் எழுதியிருந்ததை அந்த இடத்திலேயே குறுக்கே கீறினாள். அன்றிலிருந்து அந்தப் படத்தின் பேச்சு முழுவதையும் பிலோமினாதான் எழுதினார், ஐஸ் தொழிற்சாலையின் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். வெளியே வான் வண்டிக்குள் கிளேர் காத்திருப்பாள். இருவரும் ஆங்கிலத்தில் சண்டைபிடிப்பார்கள், பிறகு ஒரே போத்தலில் மோர் குடிப்பார்கள். அந்த மாதங்களில் நான் தினமும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு பேசாலைக்குப் போய்வந்தேன். ஒப்பந்தங்களை வாசித்தே வயது போனவனுக்கு, ஒப்பந்தத்துக்கு முந்திய அந்த நேரத்தை, இரண்டு பேர் ஒரு வார்த்தைக்காக முகம் சிவக்கும் நேரத்தை, பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது அப்போதுதான். அந்த மோர்ப் போத்தலை நினைத்தால் இப்போதும் மனம் இளகும்.

படப்பிடிப்பின் கடைசி நாள் தயாரிப்பு நிறுவனத்தின் உதவியாளர் ஒருத்தி பிலோமினா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் அன்று வவுனியாவில் இருந்தேன். எழுதியவர்கள் பட்டியலில் உங்கள் பெயரையும் போடவா என்று கேட்டிருக்கிறாள். ஒழுங்கான கேள்வி, எத்தனையோ இடங்களில் அதையும் கேட்பதில்லை.

படம் வெளிவந்து, அதைப் பார்க்க இணையத் தொடுப்பு ஒன்று அனுப்பினார்கள். சூசையின் போனில் எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். முடிவில் பெயர்கள் ஓடின. எழுத்து: கிளேர். சாரதிகள், சமையல், ஐஸ் தந்துதவிய தொழிற்சாலை. எல்லாவற்றுக்கும் பிறகு, மொழிபெயர்ப்பு உதவி: பிலோமினா.

"ஐஸுக்குப் பெரிய எழுத்து, உனக்குச் சின்ன எழுத்து" என்றார் சூசை. "உருகாத சாமானுக்கு மதிப்பில்லைப் போல."

பிலோமினா எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார். ஆனால் தவக்காலம் தொடங்கிய கிழமை அவர் தாழ்வுபாட்டுக்கு என்னைத் தேடி வந்தார். தானே ஒரு திரைக்கதை எழுதியிருந்தார். இடம்பெயர்ந்து போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு சிலாவத்துறைக்குத் திரும்பும் ஒரு முஸ்லிம் பெண்ணும், அவளுடைய அலுமாரியை அதுவரை பூட்டுத் திறக்காமல் பார்த்துக்கொண்ட பேசாலைக்காரியும். ஐரோப்பாவில் புதிய எழுத்தாளர்களுக்கு உதவும் ஒரு திட்டத்துக்கு அதை அனுப்பவேண்டும். நிபந்தனை ஒன்று: ஏற்கெனவே ஒரு படத்தில் எழுதியவராகப் பெயர் இருக்கவேண்டும். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் திட்டம் மூடப்படும்.

"அந்த உதவியாளர் உங்களைக் கேட்டவவோ?" என்றேன்.

"கேட்டவ அண்ணை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாமெண்டனான்."

"ஏன்?"

பிலோமினா என்னைப் புதினமாகப் பார்த்தார். "எடுத்த எடுப்பில ஓமெண்டு சொல்லுறதோ? சபையில ஓடிப்போய் முன் கதிரையில இருக்கிற மாதிரியெல்லோ. இன்னொருக்காக் கேப்பா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அவ கொப்பியை மூடிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போட்டா."

கூட வந்திருந்த சூசை வாசலில் நின்று சொன்னார்: "அண்ணை, இவவுக்குச் சீலை வாங்கித் தாறன் எண்டாலும் முதல் வேண்டாமெண்டுதான். அது மன்னார் கடைக்காரனுக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லிக்குடுத்தது?"

இங்கே முதல் 'வேண்டாம்' ஒரு பதில் அல்ல. அது இருமல் மாதிரி, பேச்சு தொடங்கப்போகிறது என்பதற்கு அடையாளம். கேட்டவர் இன்னொருமுறை கேட்கவேண்டும். பாரிஸில் ஒருமுறை கேட்டு, கிடைத்ததை எழுதி, அடுத்த வேலைக்குப் போவார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் நடந்திருக்கிறார்கள். இடையில் ஓர் எழுத்தாளர் காணாமல் போயிருக்கிறார்.

முறைப்படி தயாரிப்பாளருக்கு எழுதினேன், இந்தக் கட்டுரையின் முதல் பந்தியில் உள்ளதைச் சொல்லி. உதவியாளரின் குறிப்பை இணைத்து அனுப்பினார்: கேட்கப்பட்டது, மறுத்தார். விட்டுக்கொடுக்க முடியாத உரிமையை விட்டுக்கொடுத்ததற்குச் சாட்சி! சட்டத்தில் அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை என்று திருப்பி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. தயாரிப்பாளர்களின் மௌனம் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது அவர்களுடைய மிகத் திறமையான சட்டத்தரணி.

வழக்குப் போட்டால் வெல்லலாம். பிலோமினாவுக்கு அதற்குள் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடும். சூசை முகநூலில் போட்டு நாறடிக்கலாம் என்றார். பிலோமினா இரண்டுக்கும் தலையாட்டவில்லை. அவருடைய பயம் வேறு. ஆசிரியர்களுக்கு வரும் உரிமைப் பங்கு அந்தப் படத்தில் கிளேருக்கு மட்டுமே. வசனம் எழுதியவர் என்று இன்னொரு பெயர் ஏறினால், அந்தப் பங்கு அவளிடமிருந்துதான் பிரியும்.

"அந்தப் பிள்ளை என்ர வீட்டில சாப்பிட்ட பிள்ளை அண்ணை. அதின்ர வயித்தில நான் அடிக்கமாட்டன். அப்பிடியெண்டா ஐஸ் கொம்பனியே எனக்குக் காணும்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். கோப்பைப் பார்த்தால் எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் இடையிலான தகராறு மாதிரித் தெரியும். ஒருவரைப் பிடித்து மற்றவருக்கு எதிராக நிறுத்தத் தோன்றும். தயாரிப்பாளரும் அதைத்தான் விரும்புவார், கதவுக்குப் பின்னால் நின்று.

ஒரு பின்னேரம் கிளேருடன் போனில் பேசினேன். படத்தொகுப்பு நடந்த மாதங்களுக்கு அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. எழுதிய வருடங்கள் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஒரு பாடசாலையில் மாலை வகுப்பு எடுத்து வாடகை கட்டுகிறாள். அவளுடைய படம் விழாக்களில் பாராட்டப்பட்டுக்கொண்டிருந்தது, அந்த ஐஸ் வசனத்துக்காகவே.

"பெயர்ப் பட்டியலைப் பார்த்து வருத்தப்பட்டேன்" என்றாள். "ஆனால் அவரே வேண்டாம் என்றார் என்றார்கள். நான் கிளறினால் என் அடுத்த படத்தைத் தயாரிப்பாளர் எடுக்கமாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது."

அவளிடம் பங்கைப் பற்றிப் பேசவில்லை. "முதல் நாள் நீ சோற்றுக் கோப்பையின் மேல் கையை விரித்தாயே, நினைவிருக்கிறதா?" என்றேன்.

போனில் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"என்னை எத்தனை தடவை கேட்டார்" என்றாள். "அவரை நாங்கள் ஒரு தடவைதான் கேட்டோமா?"

"ஒரு தடவைதான். அதுவும் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு."

அடுத்து என் பழைய தலைவியின் கேள்வியைக் கேட்டேன். இப்போது அங்கே யாருக்கு அவசரம்? யோசித்துச் சொன்னாள்: தொலைக்காட்சிக்காகப் படத்தைச் சுருக்கவேண்டும் என்று தயாரிப்பாளர் நாள்தோறும் அழைக்கிறார். அவர் வெட்டச் சொல்லும் இடம் எது தெரியுமா? கடலைப் பார்த்துப் பேசும் அந்தக் காட்சியின் பாதி.

படம் முடிந்துவிட்டது என்று தயாரிப்பாளர் தனியாகச் சொல்ல முடியாது, இயக்குநரும் ஒப்பவேண்டும். ஒப்பி முடிந்ததை வெட்டுவதற்கும் இயக்குநரின் சம்மதம் வேண்டும். கிளேருக்கு இது தெரியும். தெரிந்தது ஒரு கருவி என்று மட்டும் தெரியாது. தனக்குக் கூலி கேட்கவே கூச்சப்பட்டவள், தன் சம்மதத்துக்கு ஒரு கனம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"என்னுடைய பங்கு குறையும்தானே?" என்றாள், தனக்கே சொல்வதுபோல. "குறையட்டும். அந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல. நான் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்."

அவள் தயாரிப்பாளருக்கு ஒரு வரி எழுதினாள். சுருக்குவதைப் பற்றிப் பேசலாம், முதலில் பிலோமினாவை இன்னொருமுறை கேளுங்கள்; அந்தச் சொற்களை எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லையும் வெட்டவிடமாட்டேன்.

பிறகு தவக்காலம் நீண்டது. ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதை முடிந்து வெளியே வரும்போது பிலோமினா என் முகத்தைப் பார்ப்பார். இன்னும் இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன். சூசை, "பாரிஸ் சனம், கேக்கிறதுக்கும் யோசிக்குதுகள்" என்பார். பெரிய வெள்ளியன்று போனை நிறுத்திவிட்டுக் கோயிலில் இருந்தேன். பிரான்சில் பல இடங்களில் அது வேலை நாள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இரவு போனைத் திறந்தால் தயாரிப்பாளரின் மின்னஞ்சல் கிடக்கிறது. துக்க நாளில் அந்தக் கதையைக் கொண்டுபோக மனம் வரவில்லை. விடிந்ததும் போனேன்.

பிலோமினா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே தமிழில் வாசித்தேன். எல்லாப் பிரதிகளிலும் வசனம் எழுதியவராகவும் கிளேருடன் சேர்ந்த ஆசிரியராகவும் உங்கள் பெயரைப் போட விரும்புகிறோம், கடைசிக் காட்சி வெட்டப்படாது, உங்களுக்குச் சம்மதமா?

சட்டப்படி கேட்கவே தேவையில்லை. போட்டால் போதும். ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் பேசாலையில் சாப்பிட்டதில்லை.

பிலோமினா கத்தியைக் கீழே வைத்தார். வாய் திறந்தது. அந்த உதடு எந்த வடிவத்துக்குப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது, சூசைக்கும் தெரிந்தது.

"அடியே," என்றார் சூசை, "இந்த முறையும் வேண்டாமெண்டு சொன்னியெண்டா நான் கடலில குதிப்பன். கேட்டாச்சு. ரெண்டாந்தரம் கேட்டாச்சு."

பிலோமினா அவரைப் பார்க்கவில்லை. கையைக் கழுவினார், சீலைத் தலைப்பில் துடைத்தார், அந்தப் போனை என்னிடமிருந்து வாங்கித் தானே ஒருமுறை வாசித்தார்.

"ஓம் எண்டு எழுதுங்கோ அண்ணை."

எங்கள் கோப்புகளில் 'பதில் கிடைத்த திகதி' என்று ஓர் இடம் இருக்கும். பாரிஸிலிருந்து மின்னஞ்சல் வந்த நாளை அதில் நான் எழுதவில்லை. அது கேள்வி வந்த நாள். பதில் கிடைத்தது பெரிய சனிக்கிழமை, பேசாலையில்.